டாஷ்போட்டில ஒரு ஓட்டை

கோண்டாவில்,
ஞாயிறு இரவு

அன்பின் கட்டை,

நாலு மாசமாய்ப் பதில் இல்லை எண்டு என்னைப் பேசியிருப்பாய். பேசு. உன்ர ஃபோர்ட் மஸ்டாங்கின்ர டாஷ்போட்டுக்கு எந்த முகப்புப் போடலாம் எண்டு கேட்டு நீ அனுப்பின நாலு படத்துக்கும் "சோக்கு" எண்டு ஒரு சொல்லைப் போட்டுட்டுப் படுத்தவன்தான், பிறகு வாய் திறக்கேல்லை. உண்மையைச் சொன்னால் நாலும் எனக்குப் பிடிக்கேல்லை. அதை எப்பிடிச் சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கேக்க என்ர காரிலயே ஒரு கூத்து நடந்திட்டுது. இவ்வளவையும் வட்ஸ்அப்பில குத்திக் குத்தி எழுத என்ர பெருவிரலுக்குப் பொறுமை இல்லை. அதுதான் கடிதம்.

அம்மாவுக்கு முழங்கால் நோ அப்பிடியேதான். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இந்த முறை குறைவு, வௌவால் திண்டது போக ஒரு கடகம் கிடைச்சுது. கண்ணாடி மாஸ்டர் இன்னும் சைக்கிள்தான் ஓடுறார். கண்டால் இன்னும் அதே கேள்வி: "அவன் கட்டைக்கு இப்பவாவது பின்னம் விளங்குதோ?" விளங்குது சேர், கனடாவில அவன்ர பழைய அமெரிக்கக் காருக்குச் சாமான் எல்லாம் எட்டில அஞ்சு அங்குலம், பதினாறில ஒன்பது அங்குலம் எண்டுதான் விக்கிறாங்கள், அவன் படிச்சுத்தான் ஆகவேணும் எண்டு சொன்னனான். மனுசன் சைக்கிளை நிப்பாட்டிச் சிரிச்சவர்.

உன்ர மனுசியும் போன மாசம் எடுத்துக் கதைச்சவ. சாப்பாட்டு மேசையில கியர் பொக்ஸ் இருக்குதாம், பிள்ளைகள் அதுக்குப் பக்கத்தில இருந்து சோறு தின்னுதுகளாம். "அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ" எண்டா. நான் என்னத்தைச் சொல்ல? எங்கட வீட்டில கதவு மூலையில காபரேற்றர் கிடந்துதான் நானும் வளர்ந்தனான்.

சரி, மஸ்டாங்குக்கு வாறன். 1967, 289 கன அங்குல எஞ்சின், எட்டுச் சிலிண்டர். நீ பெருமையாய்ச் சொல்லேக்க நான் ஒற்றையில கணக்குப் போட்டுப் பாத்தனான். 4.7 லீற்றரை எட்டாய்ப் பிரிச்சால் ஒரு சிலிண்டர் 590 சி.சி. வரும். என்ர மொரிஸ் மைனர் முழுசாய்ச் சேத்தே 948 சி.சி. உன்ர ரெண்டு சிலிண்டருக்குள்ள என்ர முழு எஞ்சினும் இறங்கிக் காலை நீட்டிப் படுக்கும். இருந்தாலும் அதை மஸ்ல் கார், பயில்வான் கார் எண்டு சொல்லுறாய் பார், அங்கதான் சிரிப்பு. அமெரிக்கனே மஸ்டாங்கைப் போனி கார் எண்டுதான் சொல்லுறான். குட்டிக் குதிரை. கோவிக்காதை.

முதல் படம் காபன் ஃபைபர். மச்சான், மக்லாரன்காரன் காபன் ஃபைபரில உடம்பு செய்து பந்தயத்துக்கு இறக்கினதே 1981 இல. 67 காருக்குள்ள அது எப்பிடி வரும்? தாத்தாவுக்கு ஜீன்ஸ் போட்ட மாதிரி. அதுகும் நீ காட்டினது உண்மையான ஃபைபரும் இல்லை, ஒட்டுற தாள். ரெண்டாவது, வட்டம் வட்டமாய்ச் சுரண்டின அலுமினியம். வடிவுதான், மாட்டன் எண்டு சொல்லேல்லை. லின்ட்பேர்க் 1927 இல அத்திலாந்திக்கைத் தாண்டின விமானத்தின்ர மூக்கிலயும் அந்த வேலைதான். ஆனால் கார் எண்டு பாத்தால் அது பொன்ரியாக் ட்ரான்ஸ் ஆமின்ர முகம். உன்ர குதிரைக்கு அடுத்த வீட்டான்ர முகத்தை ஏன் வைக்கிறாய்? மூண்டாவது, பிரஷ் பண்ணின அலுமினியம். அதைக் கடைசியாய்ச் சொல்லுறன். நாலாவது மரம்.

நீ மரத்தில விழுந்து கிடக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும். "முதிரையில ஒரு துண்டு அனுப்படா, ஊர் மரம் காருக்குள்ள இருக்கட்டும்" எண்டு எழுதினதை வாசிக்க எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் கேள், நான் முதிரை போட்டு அனுபவிச்சவன். உனக்குச் சொல்லேல்லை, வெக்கத்தில.

போன வருசம் மருமகளின்ர கலியாணம். மாப்பிள்ளை பொம்பிளை எங்கட மைனரிலதான் வரவேணும் எண்டு அக்கா ஒரே பிடி. இப்ப இஞ்ச பழைய காருக்குத்தானே மவுசு, கலியாணத்துக்கு வாடகைக்கே விடுறாங்கள். சரி எண்டு பெயின்ற் அடிச்சு, சீற்றுக்குப் புதுத்துணி போட்டு, கடைசியில டாஷ்போட்டில கை வைச்சன். மைனருக்கு அங்க ஒண்டும் இல்லை, உனக்குத் தெரியும்தானே: நடுவில ஒரு பெரிய மீற்றர், ரெண்டு பக்கமும் சாமான் வைக்கிற பொந்து, மற்றதெல்லாம் வெறும் தகரம். அந்தத் தகரம் எனக்கு வறுமையாய்த் தெரிஞ்சுது. ஓடாவியாரிட்டைச் சொல்லி முதிரைப் பலகையில ஒரு முகப்பு. மனுசன் கைகாரன், குற்றம் சொல்ல ஏலாது. பொன் நிறம், பட்டு மாதிரி ஓடுற வரி. நான்தான் ஆசைக்கு மேல ஆசைப்பட்டு வார்னிஷ் ஆறு பூச்சுப் பூசச் சொன்னனான். முகம் பாத்துத் தலை இழுக்கலாம், அப்பிடி ஒரு மினுக்கம்.

மானிப்பாயில கலியாணம் முடிஞ்சு, பொம்பிளை மாப்பிள்ளையைப் பின்னால ஏத்திக்கொண்டு பொழுது சாயிற நேரம் கோண்டாவிலுக்கு வாறன். முகம் கிழக்கை, வெயில் முதுகில. மைனர் 1000க்குப் பின் கண்ணாடி பெரிசு. மாலை வெயில் அதுக்குள்ளால பதிஞ்சு வந்து, கொஞ்சம் மேல் பாத்தபடி பூட்டியிருந்த பலகையில பட்டு, நேரே என்ர ரெண்டு கண்ணுக்குள்ள. பொம்பிளையின்ர நகைநட்டும் சேந்து அதுக்குள்ள மின்னுது. ஒரு வளைவில ஒண்டுமே தெரியேல்லை. பிறேக்கை அமத்தினன். மைனரின்ர பிறேக்கைத் தெரியும்தானே, அது யோசிச்சுத்தான் முடிவெடுக்கும். மதகுக் கட்டில போய் மெதுவாய் முட்டினது. மட்காட் சப்பை. ஆருக்கும் ஒண்டுமில்லை, மாப்பிள்ளையின்ர தலைப்பா மட்டும் முன் சீற்றுக்கு வந்திட்டுது. அக்கா மூண்டு மாசம் என்னோட கதைக்கேல்லை.

அதோட முடிஞ்சுதெண்டு நினைச்சன். மாரிக்கு அந்தப் பலகை உப்பி, பொந்து மூடியை இறுக்கிப் பிடிச்சுது. பிறகு இந்தச் சோழகம் வெளிக்கிட, ஒரு நாள் மத்தியானம் முத்தத்தில நிண்ட காருக்குள்ள "டப்" எண்டு ஒரு சத்தம். போய்ப் பாத்தால் வரி ஓடின வழியே ஒரு வெடிப்பு. மரம் எண்டால் வரிக்குக் குறுக்காய் விரியும், சுருங்கும். நான் என்ன செய்தனான்? நாலு மூலையிலயும் ஆணி முறுக்கித் தகரத்தோட அசையாமல் இறுக்கி வைச்சனான். அது எங்கால போறது? வெடிச்சுத்தான் மூச்சு விட்டது. விலை கூடின கார்க்காரர் முழுப் பலகை வைக்கிறேல்லை. தாள் மாதிரிச் சீவின மரத்தை அலுமினியத்தில ஒட்டித்தான் வைக்கிறாங்கள். ஏன் எண்டு இப்ப விளங்குது. இஞ்சத்தை வெக்கைக்கே இப்பிடி எண்டால், உன்ர கராஜில தை மாசம் மரம் என்ன பாடு படும் எண்டு யோசி. முதிரைத் துண்டு வேணுமெண்டால் அனுப்புறன், கியர்த் தடிக்கு ஒரு குமிழ் கடைஞ்சு போடு. டாஷ்போட்டுக்கு வேண்டாம்.

இனித்தான் சொல்ல வந்த விசயம். வெடிச்ச பலகையைப் போன கிழமை கழட்டினன். கழட்டினால், ஸ்ரியரிங்குக்கு இடது பக்கம், தகரத்தில அந்த ஓட்டை. மறந்தே போனன் மச்சான். நீ துளைச்ச ஓட்டை.

93, பெற்றோலுக்குத் தடை இருந்த காலம். கைத்துறப்பணத்தில கால் அங்குல அலகு மட்டும்தான் இருந்தது, மிச்சத்தை அரத்தால ராவி ராவிப் பெருப்பிச்சனாங்கள். அதால வட்டமாயும் இல்லை, முட்டை மாதிரி. கண்ணாடியில சேலைன் போத்தல் தொங்கும், அதுக்குள்ள பெற்றோல். ரியூப் ஓட்டைக்குள்ளால போய்க் காபரேற்றருக்கு. சீற்றில இருந்தபடியே ரியூப்பில இருக்கிற சின்னச் சில்லை உருட்டினால் சொட்டுச் சொட்டாய் இறங்கும். எஞ்சின் பிடிச்சுச் சூடாக மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. ஓட்டை போட முதல் ஒருத்தர் பொனற்றைத் திறந்து காபரேற்றர் வாய்க்குள்ள பெற்றோல் ஊத்த, மற்றவர் ஸ்ராட்டரை இழுக்க வேணும். உன்ர மூளையால அது ஒரு ஆள் வேலை ஆகிச்சுது. பெற்றோல் தங்க விலை வித்த காலத்தில சொட்டு எண்ணி ஊத்தக்கூடிய கார் எங்கடை ஒண்டுதான். எண்டாலும் அப்பா ஓட்டையைக் கண்ட உடனை உனக்கு ஒண்டு, எனக்கு ரெண்டு. "கொம்பனிக் காரில ஓட்டை போட்டவங்கள்" எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சவர். சுருட்டை வாயில வைச்சுக்கொண்டு அந்தப் போத்தலுக்குக் கீழ இருந்து ஓடினவரும் அவர்தான். எரியாமல் இருந்தது எங்கட புண்ணியம்.

பிறகு 95. ஒக்டோபர் முப்பது, யாழ்ப்பாணச் சனம் முழுக்க இடம்பெயர்ந்த நாள். அதைப் பற்றி நாங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை, இப்பவும் கனக்க எழுதேல்லை. பலகையைக் கழட்டின அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்லை. செம்மணி வெளி, மழை, சனம். காருக்குள்ள ஆச்சியும் அரிசி மூட்டையும் உன்ர தங்கச்சியும். அடி அடியாய் நகர்ந்து நிண்டு நிண்டு போக எஞ்சின் ஆறிப்போகும், ஆறினால் மண்ணெண்ணெயில திருப்பிப் பிடிக்காது. ஒவ்வொரு தரிப்புக்கும் சில்லை உருட்டி நாலு சொட்டு. அப்பா சொட்டை எண்ணினவர், வாய்க்குள்ள, எனக்குக் கேட்டது. நாவற்குழிப் பாலம் தாண்ட முதல் போத்தல் வெறுமை. மிச்சத்தூரம் நீயும் நானும் தள்ளினது. விடிய ஆச்சி "ஏன் பெடியள் கார் இவ்வளவு மெதுவாய்ப் போகுது?" எண்டு கேட்டது ஞாபகமோ? நீ சிரிச்சாய். அந்த இரவில நான் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

அதுக்குப் பிறகு அப்பா அந்த ஓட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேல்லை. 2002 இல ஏ9 பாதை திறந்தாப்பிறகு காருக்குப் பெயின்ற் அடிக்கேக்க, "இதை ஒட்டி அடைச்சு விடுவமோ ஐயா?" எண்டு மெக்கானிக் கேட்டவர். "கிடக்கட்டும்" எண்டுட்டு ஒரு தக்கையை வைச்சவர். அவ்வளவுதான். நான்தான் பேயன், அதை வறுமை எண்டு நினைச்சுப் பலகையால மூடினனான்.

இப்ப உன்ர மூண்டாவது படம். 67 மஸ்டாங்குக்கு டீலக்ஸ் உள்வேலை எண்டு கேட்டு எடுத்தவனுக்கு டாஷ்போட்டிலயும் கதவிலயும் பிரஷ் பண்ணின அலுமினியம்தான் போட்டுக் குடுத்தவங்கள். மரவரி அடுத்த வருசம், 68 இலதான் வந்தது. சாதாரணமாய் எடுத்த காருக்குக் கறுப்பு, பழைய கமெராவின்ர தோல் மாதிரிச் சொரசொரப்பு. உன்ரது சாதாரணம் எண்டு மீற்றர்ப் படத்தைப் பாக்கத் தெரியுது. ஆனபடியால் என்ர தீர்ப்பு கறுப்பு. அந்தச் சொரசொரப்பில வெயில் தெறிக்காது, என்ர மதகுக் கட்டைக் கேட்டுப் பார். அலங்காரம் கட்டாயம் வேணுமெண்டால் அலுமினியம் போடு, ஆனால் கண்ணாடி மாதிரி மினுக்காத மங்கலாய்.

நீ தகட்டை மாத்தவே ஆசைப்படேல்லை எண்டதும் எனக்குத் தெரியும். முந்தினவன் புது றேடியோ பூட்ட வெட்டின அந்தப் பெரிய சதுரத்தை மறைக்கத்தான் இவ்வளவு அலங்காரமும். அந்தக் காலத்து றேடியோவுக்கு ரெண்டு குமிழும் நடுவில ஒரு சின்ன முகமும் காணும். இவன் பதினெட்டு சென்றிமீற்றர் அகலத்துக்கு இரும்பை அரிஞ்சு வைச்சிருக்கிறான். அதுக்கு மேல மரமோ காபனோ ஒட்டினால் உள்ளுக்குப் பிடிக்க இரும்பில்லாமல் ஆடும், கிறீச்சிடும். முதல் தகரம் வெட்டி ஒட்டுவி. பழைய உருவத்தில ரெண்டு குமிழோட, உள்ளுக்கு புளூடூத் வைச்ச றேடியோக்கள் இப்ப விக்குது, அதில ஒண்டைப் பூட்டு. நீ கேப்பாய், உன்ர ஓட்டையை விடுறாய், என்ரதை அடைக்கச் சொல்லுறாய், இதென்ன நியாயம் எண்டு. ஓமடா. அந்த வெட்டு ஆரோ ஒருத்தன்ர. எங்கட ஓட்டை எங்கடை.

இதை இவ்வளவு வீரமாய் எழுதுறன், ஆனால் வீட்டுக்குள்ள யுத்தம் நடக்குது. ஓட்டையைக் கண்ட உடனை சின்னவனுக்குச் சந்தோசம். "அப்பா, போன் சார்ஜ் பண்ணுற யூ.எஸ்.பி. பூட்ட இடம் ரெடியாய் இருக்கு!" அந்தச் சாமானுக்கு 29 மில்லிமீற்றர் ஓட்டை வேணுமாம், எங்கடை 16. பெருப்பிக்கப் போறானாம், அரத்தையும் எடுத்து வைச்சிட்டான். நான் அறிவாளி மாதிரி, "மகன், மைனருக்குப் பற்றறியின்ர பொசிற்றிவ்தான் பொடியில, காரின்ர உடம்பில, கொழுவியிருக்கு; உன்ர சாமானுக்கு அங்க நெகற்றிவ் வேணும், கொழுவினால் போன் கருகும்" எண்டு சொல்லி மடக்கினனான். ரெண்டு நாள் பேச்சில்லை. மூண்டாம் நாள் யூரியூப்பில பாத்திட்டு வந்து, பொடியில படாமல் தனி வயர் இழுத்தால் சரியாம் எண்டுறான். மூஞ்சையைப் பாத்தால் 93 இல உன்ர மூஞ்சை. அடிக்கக் கை ஓங்கினன், சிரிப்பு வந்திட்டுது. ஆவணியில நல்லூர்த் தேருக்கு வருவாய்தானே, நீயே வந்து அவனோட கதை. அதுவரைக்கும் அரத்தை அம்மாவின்ர அலுமாரிக்குள்ள பூட்டி வைச்சிருக்கிறன்.

வரேக்க 16 மில்லிமீற்றர் ஓட்டைக்கு இறுகுற றப்பர் வளையம் ரெண்டு கொண்டு வா. உன்ர பாஷையில எட்டில அஞ்சு அங்குலம். ஒண்டு காணும், மற்றது சின்னவன் துலைக்கிறதுக்கு. ஓட்டை முட்டை மாதிரி எண்டதை மறந்திடாதை, மெல்லிசாய்ப் பாத்து எடு.

மனுசிக்குச் சொல்லு, கியர் பொக்ஸ் மேசையை விட்டு இறங்கும் எண்டு. எப்ப எண்டு மட்டும் கேக்க வேண்டாமாம்.

இப்படிக்கு,
உன்ர
சொட்டு