பார்மேட் போட வேண்டாம், கொஞ்சம் பொறு

ஈசூன், சிங்கப்பூர்

அன்பு நண்பா,

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். உன் முட்டி வலி குறைந்ததும் நல்ல செய்தி. ஆனால் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாயே. கம்ப்யூட்டரைப் போட்டதும் விண்டோஸ் படம் வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, அப்படியே விழுந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது, சனிக்கிழமை மாப்பிள்ளை வந்து பார்மேட் போட்டு (டிஸ்க்கை முழுக்க அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றி)த் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று. அதைப் படித்ததும் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளையிடம் பதமாகச் சொல்: இந்தச் சனிக்கிழமை வேண்டாம். அந்தக் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும்.

என் டெஸ்க்டாப்பும் சென்ற வருடம் இதே போலப் படுத்தியது. நோய் வேறு, ஆனாலும் அதைச் சொன்னால் உன்னுடையதைப் பார்க்க உதவும்.

காலையில் போட்டால் விழும். சில நாள் திரையில் எதுவும் வராமலே விழும், சில நாள் விண்டோஸ் பாதி ஏறியபிறகு விழும். விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் எழுந்துகொள்ளும். எழுந்துவிட்டால் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. வட்டாரத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தத் தம்பி மூடியைக்கூடக் கழற்றவில்லை. "மதர்போர்டு போயிடுச்சு அங்கிள், புதுசு வாங்கிடுங்க, இல்லன்னா பார்மேட் பண்ணிப் பார்க்கலாம்" என்றார். எல்லாப் பாகமும் மாட்டியிருக்கிற அந்த மதர்போர்டே போயிருந்தால் பார்மேட் எதற்கு? நோய் என்னவென்று பார்க்காமல் மருந்து எழுதுகிற பேச்சு அது. வண்டியில் ஏற்றித் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் தெரிகிறவரை நடப்பது ஒரே வேலை இல்லை, நண்பா. முதலில் சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை தன் மின்னழுத்தங்களை நிலைப்படுத்திக்கொண்டு, எல்லாம் சரி என்று ஒரு சாம்பல் நிறக் கம்பி வழியாக மதர்போர்டுக்குச் சொல்லும். அதற்கப்புறம்தான் பிராசசர் விழிக்கும். மதர்போர்டிலேயே இருக்கும் துவக்க மென்பொருளான பயாஸ், ராம் என்ற தற்காலிக நினைவகத்தையும் கிராபிக்ஸ் கார்டையும் பார்க்கும், டிஸ்க்கைத் தேடும், அதனிடம் வேலையைக் கொடுக்கும். பிறகு விண்டோஸ், ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் டிரைவர் என்ற சின்ன நிரல்களை ஒவ்வொன்றாக ஏற்றும். கடைசியில்தான் பாஸ்வேர்டு கேட்கும். எந்தப் படியில் விழுகிறது என்பதை வைத்தே பாதிச் சந்தேகங்களைத் தள்ளிவிடலாம். எப்போதும் ஒரே படியில் விழுந்தால் அந்தப் படிக்குரிய ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. என்னுடையது நாளுக்கொரு படியில் விழுந்தது. அப்படி இடம் மாறி மாறி விழுந்தால் எல்லாப் படிக்கும் பொதுவானதைத்தான் சந்தேகப்பட வேண்டும்: மின்சாரம், ராம், சூடு.

ராமை ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் என்ற சோதனை நிரலில் ஓடவிட்டேன், பிழை இல்லை. சூடு என்றால் ஓட ஓடக் கெட வேண்டும், இது ஓட ஓடத் தேறுகிறது. இன்னொரு தடயமும் கிடைத்தது. விண்டோஸ் தானாக நீலத்திரையில் (பிழைச் செய்தி காட்டும் திரை) விழுந்தால் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் ஒரு குறிப்பு எழுதிவைக்கப் பார்க்கும். என்னுடையதில் அந்த ஃபோல்டர் காலி. விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் மட்டும் கர்னல் பவர் 41 என்று வரிசையாக நின்றது. ஒழுங்காக மூடப்படாமல் இயந்திரம் நின்றது என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்லாது. ஆனால் பக்கத்தில் நீலத்திரைக் குறிப்பு ஒன்றுகூட இல்லாதபோது, எழுதக்கூட நேரமில்லாமல் மின்சாரம் போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

கப்பல் பட்டறையில் எலெக்ட்ரிக்கல் வேலை பார்த்த கை, மல்டிமீட்டரை எடுத்துவிட்டேன். மஞ்சள் கம்பியில் 12 வோல்ட் வர வேண்டும். 11.4-லிருந்து 12.6 வரை இருக்கலாம் என்பது கணக்கு. காலையில் போட்டுப் பார்த்தால், டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் நேரத்தில் முள் 11-க்கும் கீழே போய் வந்தது. ஒரு 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். பவர் சப்ளைக்குள் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கெப்பாசிட்டர்களில் உள்ள திரவம் வருடக்கணக்கில் காய்ந்துபோகிறது. காய்ந்த கெப்பாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது இன்னும் மோசம், சூடேறினால் கொஞ்சம் தேறும். நம்ம ஊரில் குளிர் ஏது என்பாய். ஆனால் என் கணினி இருப்பது படுக்கையறையில், ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடுகிறது. காலையில் விழுந்ததும், நாலைந்து முறை போட்டபின் எழுந்ததும் அதனால்தான்.

ரோச்சோர் எம்ஆர்டியில் இறங்கி சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் ஒரு புது பவர் சப்ளை வாங்கி மாட்டினேன். அன்றிலிருந்து இன்றுவரை ஒருமுறைகூட விழவில்லை. 1987-ல் திறந்த கட்டடம் அது, ஆறு மாடியும் நாம் சுற்றாத கடை இல்லை. இப்போது போனால் பல கடைகள் ஷட்டர் இறங்கிக் கிடக்கின்றன. உதிரி பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு வாங்குகிற இடம் குறைந்துகொண்டே போவது எனக்கு உண்மையாகவே வருத்தம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் நீயோ மாப்பிள்ளையோ திறக்கக் கூடாது. 230 வோல்ட் மின்சாரம் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் போய்த் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கியபிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். முழுசாக மாற்றுவதுதான் வழி.

சரி, உன்னுடையதற்கு வருகிறேன். உன்னுடையது இடம் மாறவில்லை, எப்போதும் புள்ளிகள் சுற்றும்போதுதான் விழுகிறது. அதனால் பவர் சப்ளைமேல் எனக்குச் சந்தேகம் குறைவு. நீ இன்னும் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய். விழுவதற்கு முன் ஒரு நொடி நீலத்திரையில் பூட் டிவைஸ் என்று ஏதோ முடிகிறது என்று ஒன்று. அதற்கு முந்தின வாரம் விண்டோஸ் கடிகாரம் ஏதோ பழைய வருடத்தைக் காட்டியது, நீ திருத்தினாய், மறுநாளும் அப்படியே என்று இன்னொன்று. இரண்டையும் தனித்தனித் தொல்லையாக எழுதியிருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது.

மதர்போர்டில் சிஆர்2032 என்று காசு போல ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கும். பிளக்கில் மின்சாரம் இல்லாதபோது தேதியையும் பயாஸில் நாம் செய்த அமைப்புகளையும் காப்பது அதுதான். நீ பள்ளி நாளிலிருந்தே படுக்கப்போகும்முன் எல்லாச் சுவிட்சையும் அணைக்கிறவன். அது நல்ல பழக்கம், விடாதே. ஆனால் சுவரில் அணைத்துவிட்டால் ராத்திரி முழுக்க அந்தச் சின்ன பேட்டரி மட்டும்தான் காவல். அதனால் சீக்கிரம் தீரும். தீர்ந்தால் தேதி போகும், பல போர்டுகளில் அமைப்புகளும் பழையபடி கம்பெனி வைத்த நிலைக்குத் திரும்பும். சாட்டா மோட் என்று ஓர் அமைப்பு உண்டு, டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்று சொல்வது. ஏஎச்சிஐ, ஐடிஇ என்பவை அதில் இரண்டு முறைகள். விண்டோஸ் போடும்போது அது ஏஎச்சிஐ-யில் இருந்து, இப்போது ஐடிஇ-க்குப் போயிருந்தால், விண்டோஸால் தன் டிஸ்க்கையே படிக்க முடியாது. இன்அக்செசிபிள் பூட் டிவைஸ், அதாவது துவங்க வேண்டிய டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று விழும். டிஸ்க் நன்றாக இருக்கும், கோப்புகள் நன்றாக இருக்கும், வாசல் மட்டும் மாறியிருக்கும்.

இதை உறுதிப்படுத்துவது சுலபம். போட்டவுடன் டெலீட் விசையை அல்லது எஃப்2-வை விடாமல் தட்டு, பயாஸ் திறக்கும். தேதி தப்பாக இருந்தால் நான் சொல்வது அநேகமாகச் சரி. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியை மாற்றச் சொல். பிறகு தேதியைத் திருத்து, சாட்டா மோடை ஏஎச்சிஐ-க்கு மாற்று, சேமித்து வெளியே வா. அப்படியும் விழுந்தால் மோடை முன்பிருந்தபடி வைத்துவிட்டு, எந்த டிஸ்க் முதலில் என்ற வரிசையைப் பார். இதற்கு மேல் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மூன்றைச் சேர்த்து மாற்றினால் எழுந்தாலும் எதனால் எழுந்தது என்று தெரியாது, அடுத்தமுறை மறுபடி இருட்டில்தான் தடவ வேண்டும். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடு. அது வேறு கதை.

மென்பொருள் கோளாறாகவே இருந்தாலும் பார்மேட்தான் தீர்வு என்றில்லை. 2024 ஜூலை 19 உனக்கு நினைவிருக்கும். கிரௌட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் துவங்கும்போதே நீலத்திரையில் விழுந்தன. சாங்கியில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையாலேயே செக்இன் செய்தன. அத்தனைக்கும் மருந்து என்ன? அவசியமானதை மட்டும் ஏற்றித் துவங்கும் சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை அழிப்பது. பார்மேட் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

நான் இவ்வளவு மன்றாடுவதற்குக் காரணம் சொல்கிறேன். நம் கோயில் விழா மலர்களை நீயும் நானும் தட்டச்சு செய்த கோப்புகள், உன் சிறுகதைகள், உன் அப்பா வாயால் சொல்லச் சொல்ல நீ எழுதியெடுத்த அந்த ரப்பர் தோட்டத்துக் கதைகள், எல்லாம் அதில்தான். ஒவ்வொரு கணினி மாற்றும்போதும் கொண்டுவந்து சேர்த்தாய். அவை எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு தமிழில் பரவுவதற்கு முன் செய்தவை. நம் நா. கோவிந்தசாமி ஆசிரியர் 1995-ல் இங்கிருந்து தமிழை இணையத்தில் ஏற்றிய காலம், கணியன், முரசு என்ற தமிழ் மென்பொருள்களை வைத்து நாம் தட்டினோம். அந்தக் கோப்புகளுக்கு அந்தந்த எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலும் புள்ளியும் கோடும்தான் தெரியும். எழுத்துருக்கள் இருப்பது விண்டோஸுக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில். மாப்பிள்ளை பொறுப்பானவர், டாக்குமெண்ட்ஸைக் காப்பி எடுத்துவிட்டுத்தான் பார்மேட் போடுவார். ஆனால் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை எடுக்க யாருக்கும் தோன்றாது. கதை பத்திரமாக இருக்கும், படிக்க ஆள் இருக்காது.

ஆகவே கணினி எழுந்ததும் முதல் வேலை, அந்த ஃபோல்டரையும் டாக்குமெண்ட்ஸையும் சேர்த்து வெளியே ஒரு டிஸ்க்கில் எடுப்பது. எழவே இல்லையென்றாலும் பரவாயில்லை, டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி ஒயரில் மாட்டி இன்னொரு கணினியில் எடுக்கலாம். எடுத்ததை எனக்கு அனுப்பு. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்றவை பல பழைய எழுத்துருக்களை யூனிகோடாக மாற்றித் தருகின்றன. மாற்றியபிறகு ஒற்றெழுத்தும் கொம்பும் இடம் மாறியிருக்கும் இடங்களை நான் வரிவரியாகப் பார்த்துத் திருத்துகிறேன். எனக்கு இப்போது நேரம் நிறைய. அப்பாவின் கதைகளிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் அந்தக் கணினியை வைத்துக்கொள்வதா விடுவதா என்று யோசி. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது, அதனால் மாற்றுவதிலும் நியாயம் உண்டு. ஆனால் அது இரண்டாவது பேச்சு.

இங்கே எல்லாரும் நலம். உமறுப் புலவர் பள்ளித் தோழர்கள் போன மாதம் தேக்காவில் கூடினோம், எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். மகளுக்கு வேலை மாற்றம், இனி மேற்கே ஜூரோங் பக்கம் போய் வருவாள்.

நாளைக் காலை பயாஸைத் திறந்து அந்தத் தேதித் திரையைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. சாட்டா மோட் என்று இருக்கும் பக்கத்தையும் சேர்த்து எடு. ஈப்போவில் பேட்டரி எந்தக் கடியாரக் கடையிலும் கிடைக்கும். மாப்பிள்ளை கூட இருந்தால் நான் வீடியோவில் வருகிறேன், சேர்ந்தே பார்க்கலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்