மேடை வேண்டாம் என்றாய், சரி

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நல்லா இருக்கிறாயா? ராத்திரி தூக்கம் வருகிறதா? போனில் கேட்டால் "ம்ம்" என்கிறாய், அடுத்த வார்த்தைக்குள் வைத்துவிடுகிறாய். காகிதத்தை நீ நடுவில் வைத்துவிட முடியாது இல்லையா, அதனால்தான் எழுதுகிறேன்.

மேக்காலத் தோட்டத்தில் மஞ்சள் ஊன்றியாச்சு. செவலை கிடாரி போட்டிருக்கிறது. மற்றதெல்லாம் எப்போதும் போலத்தான்.

பெரிய வீட்டு மாமாவும் நாலைந்து பேரும் மறுபடி வந்திருந்தார்கள். சேனா மெடல் வாங்கிய பையனுக்கு ஆடிப் பதினெட்டில் மேடை போட்டுச் சால்வை போர்த்தணும், பஸ் ஸ்டாப்பில் பிளக்ஸ் வைக்கணும் என்கிறார்கள். நீ வேண்டாம் என்றதைச் சொன்னேன். அவர்கள் முகம் வாடிப் போனது. எனக்கும் கோபம்தான், மறைக்கவில்லை. வெலிங்டனில் பயிற்சி முடிந்து சத்தியம் எடுக்கும் உன் கசம் பரேடு அன்றைக்கு, ஒரே மாதிரி நின்ற அத்தனை பிள்ளைகளில் நீ எங்கே என்று தேடித் தேடி அழுதவள் நான். என் பிள்ளையை ஊர் பார்க்கட்டும் என்று பெத்தவளுக்கு ஆசை இருக்காதா?

ஆனால் நீ காரணமில்லாமல் சொல்ல மாட்டாய். அதைத்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

திருச்சிக்கு உன் சித்தி வீட்டு வளைகாப்புக்குப் போனபோது, கன்டோன்மென்ட்டில் மேஜர் சரவணன் நினைவிடத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன். 1999 மே 29-ந் தேதி கார்கில் போரில், படாலிக் பக்கத்து மலை முகட்டில் உயிரை விட்டவர். வயிற்றில் குண்டுச் சிதறல் பட்ட பிறகும் அவர் பின்வாங்கவில்லையாம். உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. வீர் சக்ரா கொடுத்தார்கள். அங்கே நின்றபோது அந்த ஒரு மாதத்தை அவரைப் பெத்தவர் எப்படித் தள்ளினாரோ என்றுதான் எனக்கு ஓடியது. வேறெதுவும் தோன்றவில்லை.

உன் மாமன் மகன் ஒன்று சொன்னான். சரவணன் பீகார் ரெஜிமென்ட் ஆபீசர். அதே நாள் அதே சண்டையில் அவர் படையைச் சேர்ந்த நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் இறந்தார், அவருக்கும் வீர் சக்ரா உண்டு. ஒரே மலை, ஒரே நாள், ஒரே விருது. நம்ம பக்கத்தில் யாருக்காவது அந்தப் பேர் தெரியுமா? டெல்லியில் 2019-ல் திறந்தார்களே போர் நினைவிடம், அங்கே ஆபீசர், சிப்பாய் என்று பார்க்காமல் ஆளுக்கொரு கல்லில் பேர் வெட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து பெரியப்பா சொன்னார். அது சரியான வேலை என்று நினைக்கிறேன்.

நாம் மட்டும் என்ன? ஆடிப் பதினெட்டுக்கு ஓடாநிலையில் தீரன் சின்னமலைக்கு மாலை போடக் கூட்டம் தாங்காது. 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் அவரோடு தம்பிமாரும், அவர் கூடவே நின்ற கருப்பசேர்வையும்தான் தூக்கில் தொங்கினார்கள். உன் தாத்தா, அப்பாரு, இருந்த வரைக்கும் சின்னமலைக்கு ஒரு கும்பிடு என்றால் கருப்பசேர்வைக்கு ஒரு கும்பிடு. இப்போது அப்படிச் சொல்லிக் கும்பிட ஆள் இல்லை. ஏரிக்கரைப் புலிகுத்திக் கல்லுக்கு நோம்பிக்கு நோம்பி எண்ணெய் வைக்கிறோம். மாட்டைக் காப்பாற்றப் புலியோடு மல்லுக்கட்டினவன் பேர் தெரியாது, அன்றைக்கு அவன் கூட எத்தனை பேர் ஓடிவந்தார்கள் என்றும் தெரியாது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

நீ லீவில் வந்திருந்தபோது ராத்திரியெல்லாம் கட்டுத்தரையில் போய் உட்கார்ந்திருந்தாய். அப்பா பார்த்தார், நானும் பார்த்தேன். மாடு கத்தியது என்று சொன்னாய், சரி என்று விட்டுவிட்டேன். தூங்கணும் கண்ணு. அங்கே டாக்டர் இருப்பார், அவரிடம் தூக்கம் வரவில்லை என்று சொல்வதில் ஒரு குறைச்சலும் இல்லை. மெடல் வாங்கினவன் சொல்லக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. தூங்கு.

போன பொங்கலுக்கு உன்னோடு வந்த அந்தச் சிவகங்கைப் பையன், சந்தகையைத் தேங்காய்ப் பாலில் போட்டு மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டவன், என்னை "அம்மா" என்றுதான் கூப்பிட்டான். நீ வாயைத் திறக்கவில்லை. உன் யூனிட்டில் இருக்கும் அந்தியூர்ப் பையன் வீட்டின் மூலம்தான் அவன் போய்விட்டான் என்பது எங்களுக்குத் தெரிந்தது. அவன் பேர் இல்லாத மேடையில் நீ ஏற மாட்டாய் என்றால், சாமி, அது எனக்கு மெடலை விடப் பெருமை. மாமாவிடம் இந்த வருசம் ஒன்றும் வேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன். ஊர் கோவித்தால் கோவித்துக்கொள்ளட்டும்.

ஆடிக்கு லீவு கிடைத்தால் வா. யாரையும் கூட்ட மாட்டேன். அரிசியும்பருப்பும் ஆக்கிப் போடுகிறேன், பேசணும் என்றால் பேசு, இல்லாவிட்டால் வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. அந்தப் பையனைப் பெத்தவளைப் போய்ப் பார்க்கணும். அப்பாவும் வருகிறேன் என்கிறார். இங்கே எங்கள் வீட்டில் உங்கள் பிள்ளை சாப்பிட்டான் என்று நான் சொன்னால் அவளுக்கு ஏதோ கொஞ்சம் ஆறும். விலாசத்தை வாட்ஸப்பில் போடு, போதும்.

அம்மா