கப்பலை விட்டு இறங்கும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

மதுரையில் கப்பல் சுற்றுலா ஏற்பாடு செய்யும் டிராவல்ஸ்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வருடம் என் அப்பாவும் அம்மாவும் உங்களில் ஒருவர் மூலமாக, சிங்கப்பூரில் கிளம்பி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பலில் போனார்கள். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. விமான டிக்கெட், விசா, ஹோட்டல் எல்லாவற்றையும் பொறுப்பாகச் செய்து கொடுத்தார். ஆனால் இடையில் ஊர் பார்க்க இறங்கும்போது எதை எடுத்துப் போக வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அம்மா கேட்டதற்கு, "ஆதார் இருக்குல்லம்மா, போதும்" என்று பதில் வந்திருக்கிறது.

புக்கெட்டில் கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்க, படகில் கரைக்குக் கூட்டிப் போனார்கள். பாஸ்போர்ட்டை ஏறிய அன்றே கப்பல்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சில கப்பல்களில் அப்படித்தான். கரையில் கால் வைத்ததும் அப்பாவின் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தது. இரண்டுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம். கடைசிப் படகு நாலரைக்கு. அப்போது அப்பாவின் போனில் மூன்றரைதான் ஆகியிருக்கும். இன்னும் நேரம் இருக்கிறது என்று இருவரும் இளநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதே கப்பலில் வந்த திருச்சிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "ஐயா, படகு கிளம்பப்போகுது, வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அவர் வராமல் இருந்திருந்தால்? என் அம்மாவின் மஞ்சப்பையில் கப்பல் கார்டும் ஆதாரும்தான் இருந்தன. பாஸ்போர்ட்டின் ஒரு ஜெராக்ஸ்கூட இல்லை. தாய்லாந்து போலீஸிடம் ஆதாரைக் காட்டி அப்பாவும் அம்மாவும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கப்பலில் கொடுக்கும் கார்டுதான் அறைச் சாவி, அதுதான் வருகைப் பதிவும். இறங்கும்போதும் ஏறும்போதும் அதை வாசலில் உள்ள மெஷினில் வைத்தால் திரையில் நம் படம் வரும். ஆனால் துறைமுக வாசலில் நிற்கும் காவலர் அந்த நாட்டு ஆள். கார்டோடு போட்டோ உள்ள இன்னொரு அடையாளத்தையும் அவர் கேட்கலாம். பாஸ்போர்ட் கையில் இருந்தால் அது. இல்லையென்றால் போட்டோ பக்கத்துக்கும் விசாவுக்கும் ஜெராக்ஸ். அப்புறம் அந்த ஊர்த் துறைமுகத்தில் கப்பல் கம்பெனிக்காக வேலை பார்க்கும் ஏஜென்டின் போன் நம்பர். யாராவது திரும்பி வரவில்லையென்றால் அவர்களுடைய பாஸ்போர்ட்டை அந்த ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போவது பல கப்பல்களில் வழக்கம். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தாலே பாதி பயம் போய்விடும்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கையில் உள்ள அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குக் கப்பல் கிளம்பியது. அதிலிருந்து நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்குக் கப்பல் என்றால் ராமேஸ்வரம் போய் வருகிற மாதிரி ஆகிவிட்டது. நம் நாட்டுக்குள்ளேயே கப்பல் ஓடினால் ஆதார் செல்லும், சரி. லட்சத்தீவு என்றால் அதோடு நுழைவு அனுமதியும் வேண்டும். இலங்கை என்றால் பாஸ்போர்ட் இல்லாமல் நடக்காது. இதை அட்வான்ஸ் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரில் கிளம்பிச் சிங்கப்பூருக்கே திரும்பும் பயணத்தில், திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. ஒரு முறை மட்டும் நுழைகிற விசா அதற்குப் போதாது.

பெயர் விஷயமும் இருக்கிறது. நமக்கு இனிஷியல்; பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராகவோ கணவர் பெயராகவோ முழுசாக விரிந்திருக்கும். ரேஷன் கார்டைப் பார்த்து டிக்கெட் போடாதீர்கள். பாஸ்போர்ட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் போடுங்கள்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரே துறைமுகத்தில் கிளம்பி அங்கேயே திரும்பும் கப்பலில், பிறப்புச் சான்றிதழும் அரசு கொடுத்த போட்டோ அடையாள அட்டையும் போதும் என்று அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள். அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். நம் ஊர் அம்மா அப்பாவுக்குப் பாஸ்போர்ட்டும் திரும்ப நுழைய முடிகிற விசாவும் வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் எல்லோரையும் உங்கள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசுங்கள். அந்தப் பயணத்துக்கென்றே தமிழில், பெரிய எழுத்தில், ஒரு தாள் கொடுங்கள். எந்த ஊரில் இறங்கும்போது எதைக் கையில் வைத்திருக்க வேண்டும், கப்பலில் எந்த நேரம், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கட்டும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். பழைய தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

எழுதித் தர ஆள் இல்லை என்றால் விவரங்களை மட்டும் கொடுங்கள், நான் தமிழில் எழுதித் தருகிறேன். காசு வேண்டாம். இந்தப் பங்குனியில் அம்மாவின் தங்கை கப்பலில் போகிறார். முதல் தாளை அவருக்காக எழுதத் தொடங்கிவிட்டேன்.

அன்புடன்,
தெப்பக்குளத்திலிருந்து ஒரு மகள்