டிரிப் போட்டுக் குடுத்தா போதுமா, பாத்துக்க ஆள் வேணாமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஒட்டன்சத்திரம் பக்கம் ரெண்டரை ஏக்கர்ல தக்காளி, மிளகாய் போடுறேன். டிரிப்புங்கிற சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மானியம் சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75ன்னு அடிக்கடி செய்தி வருது. நல்ல திட்டம்தாங்க. 2016ல வடகிழக்கு பருவமழை 62 சதவீதம் குறைஞ்சு ஊரே காஞ்சு கெடந்தப்ப டிரிப் போட்டிருந்தவங்கதான் இருக்குற போர் தண்ணிய வெச்சு செடிய காப்பாத்துனாங்க, அத கண்ணால பாத்துட்டுத்தான் நானும் சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சர்டிபிகேட்டுன்னு அலைஞ்சு வாங்கிப் போட்டேன்.

ஆனா எங்க போர் தண்ணி உப்புத் தண்ணி. மூணாவது வருஷம் தக்காளி பூவெடுக்குற நேரம் நடுவுல நாலு வரிசை மட்டும் வாடுது, என்னன்னு லேட்டர, அதான் செடி வரிசையோரமா போற கறுப்புக் குழாய, அறுத்துப் பாத்தா உள்ள சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா படிஞ்சு கெடக்கு, மணிக்கு 4 லிட்டர் சொட்ட வேண்டிய இடத்துல ஒரு டம்ளர்கூட விழல. போட்டுக் குடுத்தவங்களுக்கு எத்தன தடவ போன் பண்ணியும் ஆள் வரல. ஆசிட்ட தண்ணியில கலந்து குழாய்க்குள்ள விட்டு, ஒரு நாள் பூரா நிறுத்திவெச்சு, அப்புறம் குழாய் கடைசியில இருக்குற எண்ட் கேப்ப (மூடிய) கழட்டி அலசி விடணும்னு உரக்கடையில நின்ன ஒரு பெரியவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தண்ணியிலதான் ஆசிட்ட ஊத்தணும், ஆசிட்டுல தண்ணிய ஊத்தினா மேல தெறிச்சுரும்ங்கிறதையும் அவருதான் சொன்னாரு. இத மாட்டுன அன்னைக்கே யாராவது சொல்லியிருக்கணுமா இல்லையா?

எங்க ஊர்ல நெறைய பேரு லேட்டர சுருட்டி மோட்டார் ரூம் மேல போட்டுட்டு, மம்பட்டிய எடுத்துக்கிட்டு பழையபடி மடை மாத்தப் போயிட்டாங்க. மறுபடி மானியம் வாங்க 7 வருஷம் ஆகணும், அதுவரைக்கும் அணில் கடிச்சது, எலி கடிச்சது, உப்பு அடச்சது எல்லாம் கைக்காசுதான். மழையும் இப்ப முன்ன மாதிரி இல்ல, ரெண்டு நாள்ல கொட்டித் தீத்துட்டு ஓடையில ஓடிப்போயிடுது, போர்ல ஏறுறதில்ல, அதனால இந்தக் குழாய விட்டா எங்களுக்கு வேற வழி கெடையாதுங்க.

ஒன்றியத்துக்கு நாலு உள்ளூர் பசங்களுக்கு டிரெயினிங் குடுத்து, பில்டர், தண்ணி சொட்டுற டிரிப்பர், லேட்டர் எல்லாம் கையில குடுத்து தோட்டம் தோட்டமா அனுப்பணும். போர் தண்ணி உப்பா இருக்குற ஊருக்கு மட்டுமாவது 7 வருஷத்துக்கு முன்னாடியே லேட்டர் மாத்த உதவி பண்ணணும். தோட்டக்கலைத் துறை அதிகாரிங்க கண்ணுல படுற மாதிரி இத போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி,
ஒட்டன்சத்திரம் வட்டம்