முதலில் நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

மாணவர்களின் சொந்த விவரங்கள் வெளியே கசியாமல் காப்பது பற்றித்தான் இந்தக் கடிதம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் 'இணையத்தில் கவனம் தேவை' என்று பத்து நிமிடம் பேசினால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அன்று மாலையே வகுப்பு முழுவதன் பிறந்த தேதி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் அடங்கிய எக்செல் கோப்பு 'சரிபார்க்கவும்' என்று வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தால், அவர்கள் எதைக் கற்பார்கள்? அனுப்பியதை எல்லோரிடமிருந்தும் நீக்க வாட்ஸ்அப் இரண்டு நாள் சொச்சம்தான் அவகாசம் தருகிறது. அதற்குப் பின் ஒவ்வொருவரும் தாமே அழித்தால்தான் உண்டு. விவரத்தைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். அறிவிப்புகளுக்குக் குழுவை விட, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் நல்லது. ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் அனுப்பும் ஆசிரியரின் எண்ணைப் பெற்றோர் சேமித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்தி போய்ச் சேராது.

அடுத்தது ஹால் டிக்கெட். தேர்வுக்கு முந்தைய நாள் அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது வழக்கமாகிவிட்டது. பதிவெண்ணும் பிறந்த தேதியும் கையில் இருந்தால் மதிப்பெண் முழுவதையும் யாரும் பார்க்கலாம். கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தரவிறக்கிய ஆதார் பிடிஎஃபுக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்பார்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அந்தக் கடவுச்சொல். பெயர் தெரிந்ததுதான், ஆண்டை வகுப்பைக் கொண்டே ஊகிக்கலாம். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை எடுக்கவும், முழு எண் கேட்டால் 'எதற்கு?' என்று திருப்பிக் கேட்கவும் பழக்குங்கள்.

அதிகம் கசிவது பிரவுசிங் சென்டரில். கல்லூரி விண்ணப்பக் காலத்தில் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் கடைகளில் பிள்ளைகள் சான்றிதழ்களைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுகிறார்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். கோப்பு கணினியின் டவுன்லோட்ஸில் கிடக்கிறதே, அடுத்து உட்காருபவர் யாரோ! பென்டிரைவில் கொண்டுபோய் அதிலிருந்தே பதிவேற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸில் ஏதாவது தங்கியிருந்தால் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வேண்டும். அங்கே வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், போனில் 'லிங்க்ட் டிவைசஸ்' பகுதிக்குப் போய் அந்தக் கணினியை லாக் அவுட் செய்துவிட்டுத்தான் எழ வேண்டும். கலந்தாய்வுப் பதிவில் கடையின் எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுக்கவே கூடாது. ஓடிபி யாருக்குப் போகிறதோ, கல்லூரி விருப்பப் பட்டியலை மாற்றும் சாவியும் அவரிடம்தான்.

ஓடிபி என்றதும் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல். அப்பா வளைகுடாவிலோ ஆழ்கடலிலோ இருப்பார், வங்கிக் கணக்கோடு இணைந்த சிம் வீட்டுப் போனில், போன் பிள்ளையின் கையில். 'உன் நண்பன்தான், தவறி ஒரு 6 இலக்க எண் உனக்கு வந்துவிட்டது, அனுப்பு' என்று வரும் செய்தி அந்தப் பிள்ளைக்குத்தான் வருகிறது. அனுப்பினால் அவர்களுடைய வாட்ஸ்அப் கணக்கே பறிபோகும். ஆகவே பெற்றோர் கூட்டத்தன்றே, அம்மாவின் போனை வைத்து, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுண்ட், அதில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று போய் 6 இலக்க ரகசிய எண் (PIN) போட வையுங்கள். பிறந்த தேதியை அந்த எண்ணாக வைக்க வேண்டாம். ஐந்து நிமிட வேலை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. ரிசல்ட் வந்ததும் பிள்ளையின் படமும் மதிப்பெண்ணுமாகப் பிளெக்ஸ் அடிக்கும் முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் யாராவது ஒரு பிள்ளை சிக்கும். படத்தை வைத்து மிரட்டினால் பணம் அனுப்பக் கூடாது, உரையாடலை அழிக்கக் கூடாது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. தேசிய சைபர் கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். ஆனால் இதையெல்லாம் செய்ய அந்தப் பிள்ளை முதலில் யாரிடமாவது வாய் திறக்க வேண்டும். 'போன் ஏன் பார்த்தாய்' என்று தொடங்காத ஆசிரியர் ஒருவரைப் பள்ளிக்கு ஒருவராக நியமித்து, அவர் பெயரை ஒவ்வொரு வகுப்பிலும் எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பாடம் நடத்துவோர் சிலர்,
கல்குளம், விளவங்கோடு வட்டங்கள்