பதவியேற்போடு நின்றுவிட்ட 'தலைவி'

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜெயலலிதா வாழ்க்கையைச் சொல்லும் 'தலைவி' படத்தை இப்போதுதான் பார்த்தேன். எம்ஜிஆராக அரவிந்த்சாமி பிரமாதம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1989 சட்டசபை ரகளையை விலாவாரியாகக் காட்டியவர்கள், 1991 பதவியேற்போடு நிறுத்திவிட்டார்கள். அந்தத் தேர்தலில் ஜெயலலிதாவை ஜெயிக்க வைத்த பர்கூர்க்காரன் நான். 1996-ல் முதல்வராக இருந்துகொண்டே இதே பர்கூரில் தி.மு.க. சுகவனத்திடம் தோற்றாரே, அது எங்கே? நடுவில் நடந்ததுதான் அவருடைய வளர்ப்பு மகன் கல்யாணம். எங்கள் ஜவுளிக் கடை வீதியில் அப்போது வியாபாரத்தைவிட அந்தக் கல்யாண நகைப் பேச்சுதான் அதிகம். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டமும் மகளிர் காவல் நிலையமும் வந்தது அதே ஆட்சியில்தான் (அதையும் சொல்லணுமில்ல?). திட்டுகிறவர்களுக்கும் படத்தில் ஒன்றுமில்லை, கும்பிடுகிறவர்களுக்கும் இல்லை. இரண்டாம் பாகம் எடுப்பதாக இருந்தால் பர்கூர் வந்து நாலு பேரிடம் கேட்டுவிட்டு எடுக்கட்டும்.

- ஜவுளி வியாபாரி ஒருவர், பர்கூர்