நாடாளுமன்ற உறுப்பினருக்கு வடகடல் கரையிலிருந்து ஒரு மடல்

இராமநாதபுரம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் திரு. நவாஸ் கனி அவர்களுக்கு,

வணக்கம். பாம்பன் வடகடலில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் பார்க்கும் குடும்பம் எங்களுடையது. 2019இலும் 2024இலும் ஏணிச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டு உங்களை டெல்லிக்கு அனுப்பிய தொகுதி என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இலங்கை நேவி நம் படகைப் பிடித்தால் நீங்கள் சும்மா இருப்பதில்லை. வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதுகிறீர்கள், மக்களவையில் பேசுகிறீர்கள். அதை மறுத்தால் நன்றி கெட்டவன் ஆவேன். ஆனால் அதற்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். ஆட்கள் பெரும்பாலும் விமானமேறி வீடு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். படகு வருவது அபூர்வம். யாழ்ப்பாணக் கரையில் மயிலிட்டியிலும் காரைநகரிலும் கட்டிக் கிடந்து, பலகை உளுத்து, எஞ்சின் துருவேறி, கடைசியில் விறகு விலைக்குக்கூடத் தேறாது. இருபது ஆண்டுகளில் பிடிபட்டவர்கள் 6,184 பேர், படகுகள் 1,175 என்று 2024 ஏப்ரலில் அமைச்சர் ஜெய்சங்கரே கணக்குச் சொன்னார். ஒரு விசைப்படகு போனால் முதலாளி மட்டுமா கடனாளி? அதில் ஏறும் கூலிக்காரன் வீட்டிலும் அடுப்பு எரியாது.

அப்புறம் கச்சத்தீவு. 1974இல் நம்மைக் கேட்காமல் கொடுத்தது அநியாயம்தான். மீட்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டுவிட்டது. சரி, நாளைக்கே தீவு கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் விசைப்படகுகள் பிடிபடுவது அதையும் தாண்டி, இலங்கையின் நெடுந்தீவுப் பக்கத்தில். அங்கே போய் என்ன செய்வது?

எந்தக் கட்சியும் மேடையில் உரக்கச் சொல்லத் தயங்கும் விஷயத்தை நான் சொல்லிவிடுகிறேன்: பிரச்சினை இழுவை மடி, அதாவது விசைப்படகு கடலடியை வாரி இழுக்கும் வலை. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு இழுக்கக் கூடாது என்று நம் 1983 சட்டம் சொல்கிறது. அந்தப் பக்கம் எல்லைக்கோடு. நடுவில் இருக்கும் பட்டையில் இத்தனை படகுக்கு மீன் ஏது? அதனால்தான் தாண்டுகிறார்கள். விடிகாலையில் ஜெட்டிக்கு வந்து பாருங்கள். இறால் ஒரு கூடை இறங்கினால், பக்கத்தில் சங்காயம், அதாவது விலைபோகாத பொடிமீன், குவியலாகக் கிடக்கும். விரல் நீளக் காரல், ஓடு கெட்டிப்படாத நண்டுக்குஞ்சு, எல்லாம் சேர்ந்து அள்ளுவது மண்வெட்டியால். அது கோழித்தீவனத்துக்குப் போகிறது. அடுத்த வருடத்து மீன் அது! மறுநாள் நாங்கள் வலை விட்டால், அந்த மடி பட்டு அறுந்து வருகிறது. யாழ்ப்பாணத்து மீனவனுக்கும் இதே கதைதான். போர் முடிந்து கடலுக்குத் திரும்பியவனின் வலையை நம் மடி அறுக்கிறது. இலங்கை அரசு 2017இல் இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தச் சட்டத்துக்கு எதிராக நாம் எழுதும் கடிதம் கொழும்பில் எடுபடுமா?

விசைப்படகுக்காரர் எனக்கு எதிரி இல்லை. மாமன் மச்சான் முறைதான். கடனில் ஓடுகிறவர் ஒரே நாளில் மடியைத் தூக்கிப்போட முடியாது என்பதும் தெரியும். அதற்குத்தானே 2017இல் மத்திய அரசு, மடியை விட்டு ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறும் திட்டம் கொண்டுவந்தது? 80 லட்சம் ரூபாய்ப் படகு. பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 வங்கிக் கடன், மீனவர் 10. மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்றார்கள். அந்த எண்ணுக்குக் கிட்டக்கூட வரவில்லை. காரணம் கரையில் எல்லோருக்கும் தெரியும். கைக்காசு எட்டு லட்சம் புரட்ட முடியாது, வங்கி ஈடு கேட்கும். திங்கள், புதன், சனி போய் மறுநாள் கரை திரும்பிப் பழகியவனை வாரக்கணக்கில் கடலில் தங்கிச் சூரை பிடி என்றால், அந்தத் தொழிலை யார் கற்றுக்கொடுப்பது? கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் அதில் கைதேர்ந்தவர்கள். அவர்களோடு ஒரு பருவம் ஏற்றி அனுப்பினாலே பாதி பயம் போய்விடும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். நேரமில்லா நேரத்தில் (ஜீரோ ஹவர்) பேசினால் அமைச்சர் பதில் சொல்லியே தீர வேண்டும் என்றில்லை. தனிநபர் மசோதா கொண்டுவரலாம் என்று யாராவது யோசனை சொன்னால், 1970க்குப் பிறகு அப்படி ஒன்றுகூடச் சட்டமானதில்லை. நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கொடுங்கள். ஒரு நாளைக்கு இருபதுதான் எடுப்பார்கள், குலுக்கலில் விழ வேண்டும், தெரியும். விழுந்தால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் துணைக் கேள்வி போட்டு மடக்கலாம். அந்த 2,000 படகில் இராமநாதபுரம் மாவட்டத்துக்கு எத்தனை படகு வந்தது, அதில் எத்தனை இன்று ஆழ்கடலில் ஓடுகிறது, மீனவர் பங்கைக் குறைக்க அரசு தயாரா, படகை இழந்தவருக்கு முன்னுரிமை உண்டா என்று கேளுங்கள். மீன்வளத்துறையின் ஆண்டுச் செலவுக்கான மானியக் கோரிக்கையை வேளாண்மை, கால்நடைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறது. அதில் இருக்கும் தமிழ்நாட்டு உறுப்பினர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள், கட்சி பார்க்க வேண்டாம்.

விசைப்படகுச் சங்கத்தார் கோபப்படலாம். நாட்டுப்படகுக்காரரையும் அவர்களையும் ஒரே பந்தலில் உட்கார வைத்து, இழுவை மடியை எந்த வருடத்துக்குள் விடுவது என்று நீங்களே கேளுங்கள். வேறு யார் கூப்பிட்டாலும் இரண்டு தரப்பும் சேர்ந்து வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். அவர்கள் கரையில்தான் இருப்பார்கள், நாங்களும் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
பாம்பன் நாட்டுப்படகு மீனவன் ஒருவன்